ஸ்டாக்ஹோம் அரண்மனை ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது?

வழிப்போக்கன்:

வணக்கம் நண்பர்களே. வேலை விஷயமாக ஸ்டாக்ஹோம் போய் வந்தேன். கிடைத்த ஒரு சாயங்காலத்தில் காம்லா ஸ்டான் என்கிற பழைய நகரத்தைச் சுற்றிவிட்டு, நார்ப்ரூ பாலத்தில் நின்று அரண்மனையைப் பார்த்தேன். யாரும் சொல்லியிராவிட்டால் அரண்மனை என்றே தெரிந்திருக்காது. கோபுரம் இல்லை, குவிமாடம் இல்லை, கூரைகூடக் கண்ணில் படவில்லை. வரிசை வரிசையாகச் சன்னல்கள், அவ்வளவுதான். பெரிய கலெக்டர் ஆபீஸ் ஒன்றின் முன்னால் நிற்பதுபோல இருந்தது.

மொத்தம் 1,430 அறைகள், அதில் சன்னல் உள்ளவை 660 என்று படித்தேன். இவ்வளவு பெரிதாகக் கட்டியவர்கள் வெளியே ஏன் இப்படி விட்டுவிட்டார்கள்? வேண்டுமென்றே செய்ததா, நடுவில் காசு தீர்ந்துபோய்விட்டதா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். உள்ளே போக நேரம் வாய்க்கவில்லை, அந்த வருத்தமும் இருக்கிறது.

கரணை:

வேண்டுமென்றே செய்ததுதான் தம்பி. காசும் தீர்ந்தது, ஆனால் அது வேறு கதை. அதை வரலாறு தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். நான் கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்டியவர் நிக்கோடெமஸ் டெசின். அப்பாவுக்கும் அதே பெயர், அவரும் கட்டடக் கலைஞர். அதனால் இவரை இளைய டெசின் என்பார்கள். 1654இல் பிறந்தவர். இருபது வயது ஆவதற்குள் ரோமுக்குப் போய்விட்டார். பெர்னினி என்ற பெரிய சிற்பியோடு நேரடிப் பழக்கம், கார்லோ ஃபொன்டானா என்ற கட்டடக் கலைஞரிடம் பாடம். ரோமில் அவர் பார்த்த பெரிய மனிதர்களின் மாளிகைகள் எல்லாம் எப்படி இருந்தன? தெருவை ஒட்டி எழும்பிய ஒரே பிண்டம். துருத்திக்கொண்டு நிற்கும் கோபுரம் கிடையாது. அழகு எல்லாம் அளவில் இருக்கும்: எந்தத் தளம் எவ்வளவு உயரம், சன்னலுக்கும் சன்னலுக்கும் எவ்வளவு இடைவெளி, மேலே ஓடும் கொடுங்கை எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்பதில். அந்த இலக்கணத்தைத்தான் அவர் வடக்கே கொண்டுவந்தார்.

கூரை தெரியவில்லை என்றீர்கள். அதுதான் இந்தக் கட்டடத்தின் மிகத் துணிச்சலான முடிவு. ஸ்வீடன் பனி கொட்டும் நாடு. அங்கே பெரிய வீடு என்றால் செங்குத்தான கூரை, நடுவில் ஒரு படி வைத்து இரண்டு அடுக்காக எழும்பும். அரண்மனையிலிருந்து நடக்கும் தூரத்தில் ரிடர்ஹூசெட் என்ற பிரபுக்கள் சபைக் கட்டடம் இருக்கிறது, அதன் கூரையைப் பாருங்கள், அதுதான் அந்த ஊர் வழக்கம். டெசின் அதை ஒதுக்கிவிட்டுத் தாழ்வான கூரை போட்டார். அதுவும் உள்முற்றத்தை நோக்கிச் சரியும்படி வைத்தார். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வானத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நேர்கோடு மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சன்னல்களை இன்னொரு முறை படத்தில் பாருங்கள். கீழ்த்தளம், அதற்கு மேல் குட்டைச் சன்னல்களோடு ஓர் இடைத்தளம், அதற்கும் மேலே உயரமான சன்னல்களோடு அரச குடும்பம் புழங்கும் தளங்கள். யார் எங்கே இருப்பார்கள் என்று சுவரே சொல்லிவிடும்.

தாமரை:

நான் இங்கேதான், சோடர்மால்மில் இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கும் கட்டடம் என்பதால் இந்த இழை கண்ணில் பட்டதும் எழுதத் தோன்றியது.

வழிப்போக்கன், நீங்கள் பார்த்தது வடக்கு முகம். நாலு முகத்திலும் மிக இறுக்கமானது அதுதான். மற்ற மூன்றையும் பார்க்காமல் வந்துவிட்டீர்கள். டெசின் நான்கு பக்கத்துக்கும் நான்கு பொருள் வைத்தார். தெற்கு நாட்டுக்கு, மேற்கு அரசனுக்கு, கிழக்கு அரசிக்கு, வடக்கு பொதுவாக அரசாட்சி என்னும் அதிகாரத்துக்கு.

தெற்கே ஸ்லாட்ஸ்பாக்கென் சரிவில் நின்று பார்த்தால், சுவரின் நடுவில் ஆறு கொரிந்தியத் தூண்கள் வைத்து ரோமானிய வெற்றி வளைவு ஒன்றையே பதித்திருப்பது தெரியும். மேற்கே கஸ்டாவ் வாசாவில் தொடங்கி ஸ்வீடன் அரசர்களின் முகங்களை வட்ட வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள், பாரம் தாங்கும் பெண் உருவங்களும் உண்டு. அந்தப் பக்கம் அரைவட்டமாக இரண்டு சிறகுக் கட்டடங்கள் வளைந்து வந்து வெளிமுற்றத்தை அணைத்துக்கொள்ளும், காவல் மாற்றும் அணிவகுப்பு நடப்பது அங்கேதான். கிழக்கே லூகோர்டென் என்ற மேடைத் தோட்டம், தண்ணீரைப் பார்த்தபடி. என்னைக் கேட்டால் நாலிலும் அழகு கிழக்குதான். காலை வெயில் நேராக அந்தச் சுவரில் விழும்போது மணற்கல் விளிம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

வடக்கிலும் லேயோன்பாக்கென் சாய்தளத்தின் இருபுறமும் வெண்கலச் சிங்கங்கள் இருக்குமே, கவனித்தீர்களா? 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் வார்த்தவை. பெர்னார்ட் ஃபூக்கே என்ற பிரெஞ்சுச் சிற்பியின் வேலை.

இன்னொரு விஷயம். தெற்குச் சரிவில் அரண்மனைக்கு நேர் எதிரே டெசின் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இன்னும் நிற்கிறது. இப்போது ஸ்டாக்ஹோம் மாவட்ட ஆளுநரின் இல்லம். தெருப்பக்கம் அடக்கமான முகம். பின்னால் கைக்குட்டை அளவு இடத்தில் ஒரு தோட்டம், பின்சுவரைக் கண்ணை ஏமாற்றும் விதத்தில் அமைத்து, பார்ப்பவருக்கு நீண்டுகொண்டே போவதுபோலக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்தவர்கள் இந்த மனிதருக்கு அழகாகக் கட்டத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

ஏடுகாவலன்:

நல்ல இழை. வரலாற்றுப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளும்.

இன்றைய அரண்மனை நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது ட்ரே க்ரூனூர் கோட்டை, அதாவது மூன்று மகுடக் கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி ஒவ்வொரு அரசரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. நடுவே பெரிய வட்டக் கோபுரம், உச்சியில் மூன்று மகுடங்கள். 1690களில் பதினொன்றாம் கார்ல் அரசர் இதைப் புதுப்பிக்க ஆசைப்பட்டு, முதலில் வடக்குப் பகுதியை டெசினிடம் ஒப்படைத்தார். அந்தப் பகுதி முடிந்து கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, அரசர் 1697 ஏப்ரல் 5 அன்று காலமானார்.

அவர் உடல் அடக்கத்துக்காகக் கோட்டைக்குள் காத்திருந்தது. மே 7 மதியம், பெருமண்டபத்துக்கு மேலே பரணில் தீ. தீக்காவலுக்கு இருக்க வேண்டியவர்கள் தங்கள் இடத்தில் இல்லை. ஒருவர் சமையற்கட்டுப் பக்கம் போயிருந்தார், இன்னொருவரை மேலதிகாரியின் மனைவி ஏதோ வேலையாக வெளியே அனுப்பியிருந்தார். பின்னால் விசாரணை நடந்து மரண தண்டனைவரை போனது, பிறகு அதைச் சவுக்கடியாகவும் கடின உழைப்பாகவும் குறைத்தார்கள். பழைய கோட்டையில் மரமும் செம்புக் கூரையும் நிறைய. தீ பரணோடு ஓடியது. அரசரின் உடலைத் தூக்கிக்கொண்டு குடும்பம் வெளியே வந்தது. நடுக்கோபுரம் சரிந்து விழுந்தது.

எனக்கு இந்தத் தீயில் ஆறாத வருத்தம் நூலகத்தைப் பற்றியது. அரச நூலகமும் நாட்டின் ஆவணக் காப்பகமும் அதே கட்டடத்துக்குள்தான் இருந்தன. 24,500 அளவில் இருந்த அச்சு நூல்களில் 17,000க்கு மேல் போய்விட்டன. சுமார் 1,400 கையெழுத்துச் சுவடிகளில் 1,100 போயின. ஆவணங்களிலும் பெரும்பகுதி சாம்பல். ஃபின்லாந்தும் அப்போது ஸ்வீடன் அரசின் கீழ் இருந்ததால், இரண்டு நாடுகளின் இடைக்கால வரலாறும் அந்த ஒரு மதியத்தில் ஓட்டை விழுந்தது.

தப்பியவற்றில் ஒன்று கோடெக்ஸ் கிகாஸ். முழுப்பக்கச் சாத்தான் படம் இருப்பதால் சாத்தான் பைபிள் என்பார்கள். 75 கிலோ எடை. முப்பதாண்டுப் போரின் கடைசியில், 1648இல், பிராகாவிலிருந்து கொள்ளையாக வந்தது. தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் சன்னல் வழியே வெளியே எறிந்துதான் காப்பாற்றினார்கள். கீழே நின்ற ஒருவர் மேல் விழுந்து அவருக்கு அடிபட்டது என்று ஒரு கதையும் உண்டு. இன்று அது ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அஞ்சான்:

ஒரு சந்தேகம் ஐயா. தீப்பிடித்த ஆறே வாரத்தில் டெசின் புதிய அரண்மனைக்கு முழு வரைபடம் கொடுத்துவிட்டார் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஆறு வாரம் எப்படிப் போதும்? முன்கூட்டியே எல்லாம் தயாராக வைத்திருந்தார் என்றுதானே அர்த்தம்? இதை வைத்து இணையத்தில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள்.

கரணை:

அஞ்சான், நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. தீக்கும் டெசினுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு துண்டு ஆதாரம்கூடக் கிடையாது. செத்துப்போன மனிதர் மேல் இப்படிப் பழி சுமத்துவது நியாயமும் இல்லை.

ஆறு வாரத்துக்கு எளிய விளக்கம் இருக்கிறது. வடக்குப் பகுதியை அவர் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தார். தீயில் உள்ளே சேதமானாலும் அதன் சுவர்கள் நின்றன. ஒரு பக்கம் கையில் இருந்தால் தளங்களின் உயரம், சன்னல் அளவு, கொடுங்கை எல்லாம் முடிவாகிவிட்டது. அதே அளவை வைத்து மற்ற மூன்று பக்கங்களையும் சதுரமாகச் சுற்ற வேண்டியதுதான். மேலும், கோட்டை முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற ஆசை அவருக்குத் தீக்கு முன்பே இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. எந்தக் கட்டடக் கலைஞர் மேசையிலும் இப்படி நாலு கனவுகள் கிடக்கும். தீயில் அவருடைய புத்தம்புது வேலையும் அடி வாங்கியது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வழிப்போக்கன் கேட்ட கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வடக்கு முகம் மற்றவற்றைவிட இறுகி இருப்பதற்கு ஒரு காரணம், அது முதலில், பழைய கோட்டையோடு ஒட்டி நிற்பதற்காகத் திட்டமிட்டது.

ஏடுகாவலன்:

கரணை ஐயா சொன்னது சரி. இனி காசு தீர்ந்த கதை.

டெசின் ஐந்தாறு ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஸ்வீடன் அப்போது பால்டிக் கடலைச் சுற்றி ஆண்ட வல்லரசு. அரசருக்கு முழு அதிகாரம், பிரபுக்கள் வாயைத் திறக்க முடியாது. அப்பா இறந்தபோது பன்னிரண்டாம் கார்லுக்கு வயது 14. அந்தப் பையனுக்காகத்தான் இந்த அரண்மனை.

1700இல் பெரும் வடக்குப் போர் தொடங்கியது. இளம் அரசர் படையோடு கிளம்பினார். அதன்பின் அவர் ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பவே இல்லை. 1709இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் படை நொறுங்கியது, அரண்மனை வேலையும் அந்த ஆண்டே நின்றது. தோற்று துருக்கிய மண்ணில் பெண்டரில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்திலும் கட்டட விஷயமாக டெசினுக்குக் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. கஜானா காலி, ஊரில் பஞ்சம், 1710இல் கொள்ளைநோய். பாதியில் நின்ற சுவர்கள் மழையிலும் பனியிலும் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அப்படியே நின்றன. அரசர் 1718இல் நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் குண்டு பட்டு இறந்தார்.

அவரோடு அந்த முழு அதிகாரமும் போனது. நாடாளுமன்றம் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டது, ஸ்வீடன்காரர்கள் அதைச் சுதந்திர காலம் என்பார்கள். அந்த நாடாளுமன்றம்தான் 1727இல் வேலையைத் திரும்பத் தொடங்கப் பணம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டே டெசின் இறந்துவிட்டார். வாழ்நாளின் பெரிய வேலை முடிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பொறுப்பு கார்ல் ஹோர்லெமனுக்கு வந்தது, அவரும் 1753இல் போய்ச் சேர்ந்தார். அரச குடும்பம் உள்ளே குடிபுகுந்தது 1754இல். தீப்பிடித்து 57 ஆண்டுகள் கழித்து! அதுவரை ரிடர்ஹோல்மன் தீவில் ராங்கெல் மாளிகையில்தான் இருந்தார்கள்.

இப்போது பாருங்கள். எவரையும் கேட்க வேண்டாத ஓர் அரசருக்காக வரைந்த வீட்டில் வந்து உட்கார்ந்தவர் அடால்ஃப் ஃபிரெட்ரிக், கையெழுத்துக்குக்கூட மதிப்பில்லாத அரசர். 1756இல் அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் பெயர் பொறித்த முத்திரையை ஆலோசனைக் குழு குத்திக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. அவர் மனைவி லொவிசா உல்ரிகா, பிரஷ்யாவின் மகா ஃபிரெடரிக்கின் தங்கை, இந்த அவமானம் பொறுக்காமல் மகுட நகைகளை அடகு வைத்து ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆள் சேர்த்தார். அது வெளியே தெரிந்துபோய், சேர்ந்தவர்களில் பலரின் தலை ரிடர்ஹோல்மன் தேவாலயத்துக்கு வெளியே விழுந்தது.

அம்மா கோட்டைவிட்டதை மகன் மூன்றாம் கஸ்டாவ் 1772 ஆகஸ்ட் 19 அன்று முடித்தார். ஆலோசனைக் குழு உறுப்பினர்களை அரண்மனைக்குள்ளேயே, அவர்கள் கூடியிருந்த அறையில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் கழித்துச் சபையினரை அரண்மனையின் பெருமண்டபத்துக்கு அழைத்து, வெளியே படையை நிறுத்தி வைத்துக்கொண்டு புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். இருபது ஆண்டு கழித்து, 1792 மார்ச்சில், இசை நாடக அரங்கின் முகமூடி நடனத்தில் சுடப்பட்டு, இதே அரண்மனைப் படுக்கையறையில் இறந்தார். அந்த அறையை இன்றும் பார்க்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சுவர்களை வெறும் அழகு அளவுகோலில் மட்டும் அளக்கக் கூடாது. ஒரு வல்லரசு தொடங்கியதை ஓர் ஏழை நாடு பிடிவாதமாக, டெசின் வரைந்தபடியே முடித்திருக்கிறது. நடுவில் யாராவது திட்டத்தைச் சுருக்கியிருக்கலாம், பாதியை இடித்திருக்கலாம். செய்யவில்லையே!

நிலாமுற்றம்:

எல்லாம் சரி, ஆனாலும் என் ஓட்டு நகரத்துக்கு வெளியே இருக்கும் இன்னோர் அரண்மனையான ட்ரொட்னிங்ஹோல்முக்குத்தான். ஏரிக்கரை, தோட்டம், இரண்டு டெசின்களும் சேர்ந்து கட்டிய படிக்கட்டு மண்டபம், பக்கத்தில் 1766இல் கட்டிய நாடக அரங்கு. மரத்தாலான மேடை இயந்திரங்கள் இன்னும் வேலை செய்கின்றன. அலை வருவதற்கு உருளைகள், இடி முழங்க உள்ளே கற்கள் உருளும் மரப்பெட்டி. கஸ்டாவ் இறந்த பிறகு மறந்துபோய்ச் சாமான் கிடங்காகக் கிடந்ததை 1921இல்தான் ஓர் ஆய்வாளர் திரும்பக் கண்டுபிடித்தார். 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் ட்ரொட்னிங்ஹோல்ம்தான். அரசரும் அரசியும் 1981இலிருந்து குடியிருப்பதும் அங்கேதானே. ஸ்டாக்ஹோம் அரண்மனை அவர்களுக்கு இப்போது அலுவலகமும் விழாக்கள் நடத்தும் இடமும்தான்.

தாமரை:

நிலா, ட்ரொட்னிங்ஹோல்முக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். அந்த அரங்கைப் பற்றி மட்டுமே பத்துப் பதிவு எழுதலாம். ஆனால் இங்கே நகரத்து அரண்மனையின் உள்பக்கம் பற்றி யாரும் பேசவில்லையே.

வெளியே ரோம் என்றால் உள்ளே பாரிஸ். வேலை இவ்வளவு காலம் இழுத்ததால் பாணியே மாறிவிட்டது. ஹோர்லெமன் பிரான்சில் படித்தவர், அங்கிருந்து கைவினைஞர்களை வரவழைத்து ரொகோகோ முறையில் அறைகளை அலங்கரித்தார். இன்று ஸ்வீடன் வீடுகளில் பார்க்கும் அந்த வெளிர் நிற, மெல்லிய வேலைப்பாட்டு ரசனைக்கு அந்தப் பட்டறைகள்தான் நாற்றங்கால் என்பது என் கருத்து.

ஓர் அறையை மட்டும் பார்க்க முடியும் என்றால் நான் தெற்குப் பகுதியின் பெருமண்டபத்தைச் சொல்வேன். தெற்கு வாசல் வளைவுக்கு ஒரு பக்கம் பெருமண்டபம், மறுபக்கம் அரச தேவாலயம், இரண்டும் ஒரே கூரையின் கீழ். நாட்டின் பக்கம் என்று டெசின் தெற்கைச் சொன்னது இதனால்தான்: சபை ஒரு கையில், சாமி மறுகையில். மண்டபத்தில் இருப்பது கிறிஸ்டினா அரசியின் வெள்ளி அரியணை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் செய்து 1650 முடிசூட்டலுக்கு வந்தது. 1697 தீயிலிருந்து தூக்கி வந்தவற்றில் அதுவும் ஒன்று. நாடாளுமன்றத்தை அரசர் தொடங்கி வைக்கும் சடங்கு 1974வரை அந்த அரியணைக்கு முன்னால்தான் நடந்தது.

வடக்குப் பகுதியில் பதினொன்றாம் கார்ல் பெயரில் நீண்ட கூடம் ஒன்று உண்டு, வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தை மனதில் வைத்து டெசின் அமைத்தது. நோபல் பரிசு பெற்றவர்களுக்கு அரசர் விருந்து வைப்பது அங்கே.

வழிப்போக்கன்:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. தாமரை அக்கா, ஏடுகாவலன் ஐயா, கரணை அண்ணா, மூவருக்கும் நன்றி. காரணங்கள் புரிகின்றன. என்றாலும் பாலத்திலிருந்து பார்க்கும்போது அந்த வடக்கு முகம் மனிதனை விலக்கி நிறுத்துகிறது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள். வேலை வெகு காலமாக நடக்கிறது என்று அங்கே ஒருவர் சொன்னார். அப்படி என்ன பழுது?

கரணை:

விலக்கி நிறுத்துவதுதான் அந்த முகத்தின் வேலையும், அதனால் உங்கள் உணர்வு சரிதான்.

பழுது கல்லில். சுவர் செங்கல், மேலே பூச்சு. ஆனால் சன்னல் சட்டம், கொடுங்கை, தூண், சிற்பம் எல்லாம் கோட்லாந்து தீவின் மணற்கல். செதுக்க இலகுவான கல், அதனால்தான் எடுத்தார்கள். மணல் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து. நகரத்துப் புகை கலந்த மழைநீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பிடிப்புப் போனால் மேல்தோல் ஏடு ஏடாக உரியும். உள்ளே புகுந்த ஈரம் உறையும்போது இன்னும் பிளக்கும். நடப்பவர் தலையில் கல் விழும் அபாயம் வந்த பிறகுதான் 2011இல் பெரிய சீரமைப்பைத் தொடங்கினார்கள். மொத்தம் 22 ஆண்டு, 50 கோடி குரோனா என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, எது தாங்கும், எதை ஒட்டுப்போடலாம், எதைப் புதிதாகச் செதுக்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். இன்றைக்கு உளி பிடித்துக் கொரிந்தியத் தூணின் இலை செதுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கைத்தொழிலை உயிரோடு வைத்திருப்பதற்காகவே இந்தச் செலவு தகும்.

அஞ்சான்:

விளக்கத்துக்கு நன்றி கரணை ஐயா. பழைய கோட்டையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, அல்லது எல்லாம் போய்விட்டதா? அடுத்த கோடையில் குடும்பத்தோடு வருவதாக இருக்கிறோம்.

தாமரை:

இருக்கிறது. வடக்குப் பகுதியின் நிலவறையில் ட்ரே க்ரூனூர் அருங்காட்சியகம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காப்புச் சுவரை அங்கே தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்று பார்க்கலாம், ஐந்து மீட்டர் தடிமன். மூன்று மகுடக் கோபுரம் எப்படி இருந்தது என்று மாதிரியும் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஆயுதச்சாலையை விட்டுவிடாதீர்கள். 1628இல் தொடங்கியது, தெற்குச் சரிவில் தனி வாசல். லுட்சென் போரில் இரண்டாம் கஸ்டாவ் அடால்ஃப் ஏறிச் சென்ற ஸ்ட்ரெய்ஃப் என்ற குதிரையைப் பதப்படுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். ஏடுகாவலன் சொன்ன முகமூடி நடனத்தில் மூன்றாம் கஸ்டாவ் போட்டிருந்த உடையும் அங்கேதான். கிளம்புவதற்கு முன்னால் அரண்மனையின் வலைத்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விருந்தினர் வரும் நாட்களில் பெருங்கூடங்களை மூடிவிடுவார்கள்.